கரிக்கோட்டுக்கு மேலே ஒரு முழம்

அன்சர் பாயின் வயரிங் கடைக்குப் பின்னால் ஒரு நெல் குடோன் இருக்கிறது. அதன் பக்கச் சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கரிக்கோடு. டிராக்டரோ லாரியோ மினி பஸ்ஸோ, பாய் கையால் ஹெட்லைட் மாற்றிய எந்த வண்டியும் அந்தச் சுவருக்கு எதிரே இருபத்தைந்து அடி தள்ளி நிற்காமல் வீட்டுக்குப் போனதில்லை. டிம் லைட்டைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும். ஐப்பசி மழையில் கோடு அழிந்தால் கார்த்திகையில் பாய் புதுக் கரித்துண்டு எடுத்து மறுபடி இழுப்பார். முப்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

அந்த வருஷம் மார்கழியில் பாய்க்கு அந்தக் கோடு தெரியாமல் போனது.

பகலில் தெரிந்தது. பொழுது சாய்ந்தால் தெரியவில்லை. ஹெட்லைட் வேலையோ பொழுது சாய்ந்த பிறகுதான்; வெயிலில் லைட் போட்டுச் சுவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எட்டு வருஷமாக உடம்பில் இருந்த சர்க்கரை கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்துவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். கண் தெரியாத ஆளிடம் யார் லைட் வேலைக்கு வண்டியை விடுவார்கள்? அந்தக் கடைதான் சோறு. மகள் மஹ்ஜபீன் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள்.

மனைவி பாயிஸாவுக்குச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகை முடிந்து பாய் வந்துகொண்டிருந்ததை அவள் வாசலில் நின்று பார்த்தாள். தெருமுனையில் நின்று பாய் மரியாதையாகக் கையைத் தூக்கி ஸலாம் சொன்னார்.

"யாருக்குங்க ஸலாம் சொன்னீங்க?"

"ஆளு நின்னுக்கினு இருந்தாரு."

"அது கரண்டு கம்பம்."

பாய் செருப்பைக் கழற்றினார். "கம்பத்துக்குச் சொன்னா இன்னா கொறைஞ்சிடும்? நமக்குக் கரண்டு கொடுக்குதில்ல" என்றார். பாயிஸா சிரிக்கவில்லை. "மணி ஆறு ஆச்சுன்னா இனிமே சைக்கிளை எடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்சர் பாயின் குடும்பம் பாத்திரக்கடைக் குடும்பம். அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, எண்பத்தேழில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டோரத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்துப் போட்டார்கள். ஒரு வாரம் வண்டி நகரவில்லை. ஊருக்கு வெளியே வரிசையாக நின்ற லாரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கப் போன பையன், பொழுது போகாமல் ஒரு லாரியின் டேஷ்போர்டைத் திறந்து பார்த்தான். சிவப்பு, பச்சை, கறுப்பு என்று உள்ளே கிடந்த வயர்கள் அவனைப் பிடித்துக்கொண்டன. மரங்களை அப்புறப்படுத்தி லாரிகள் கிளம்பியபோது, நின்ற லாரிகளில் நாலுக்கு அவன் லைட்டைச் சரி செய்து வைத்திருந்தான். பாத்திரக்கடைக்கு அவன் திரும்பிப் போகவேயில்லை.

முப்பத்துமூன்று வருஷம் கழித்து, இரண்டாயிரத்து இருபது முடிகிற சமயத்தில், மறுபடி இடஒதுக்கீட்டுப் போராட்டம். இந்த முறை மரம் வெட்டவில்லை. வி.ஏ.ஓ. ஆபீசில் மனு, அப்புறம் யூனியன் ஆபீசில் மனு என்று கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கொடி கட்டிய வண்டிகள் நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போயின. டீக்கடையில் யாரும் வாய் விட்டுப் பேசவில்லை. யார் எந்தப் பக்கம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பாய் எல்லாருக்கும் வயர் மாட்டினார். கொடி கட்டின வண்டிக்கும் மாட்டினார், கட்டாத வண்டிக்கும் மாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலி வண்டி வந்தது.

கச்சிராயபாளையம் சுப்புராயனுக்குக் கோமுகி அணைப் பாசனத்தில் கரும்பு. அவர் மகன் சிவசங்கர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். கொரோனாவில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஊருக்கு வந்துவிட்டான், கூடவே ஒரு செகண்ட் ஹேண்ட் இத்தாலி ஸ்போர்ட்ஸ் பைக்கும் வந்தது. சிவப்பு வண்டி. கடை வாசலில் அதை நிறுத்தியபோது எதிர் டீக்கடையிலிருந்து எட்டுப் பேர் டம்ளரோடு எழுந்து வந்தார்கள்.

"இன்னா மைலேஜ் தரும் தம்பி?" என்று ஒருத்தர் கேட்டார்.

"அதெல்லாம் கேக்காதீங்கண்ணே. அழுவாச்சி வரும்."

சிவசங்கருக்குப் பிரச்சினை லைட்டுதான். கரும்பு வெட்டு சீசன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றின டிராக்டர்கள் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் ரோட்டோரத்தில் நிற்கும். முந்தின வாரம் அப்படி நின்ற ஒரு டிராக்டரின் கரும்புத் தோகை கன்னத்தில் உரச, மயிரிழையில் தப்பியிருக்கிறான்.

"லைட்டு மாத்தணும் பாய். எல்.இ.டி. புரொஜெக்டர் வாங்கி வச்சிருக்கேன். அப்படியே பிரேக் ஹோஸ் ஸ்டீல்ல, ஹாரன், இண்டிகேட்டர், எல்லாம். வேற யாருகிட்டயும் வுட மனசு வரல."

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். முட்டி வலித்தது. "வுட்டுட்டுப் போ தம்பி. அவசரப்படாதே" என்றார்.

பகல் வேலைகளில் குறை வைக்கவில்லை. முகப்பு பிளாஸ்டிக்கைக் கழற்ற மட்டும் ஒரு நாள். இத்தாலிக்காரன் ஒரு ஸ்குருவை இன்னொரு ஸ்குருவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். பழைய ரப்பர் ஹோஸை எடுத்து ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாட்டி, காற்றுக் குமிழி போகிற வரைக்கும் பிரேக் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். லைட்டுக்குத் தனி வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ். இண்டிகேட்டரை எல்.இ.டி.யாக மாற்றியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணையாமல் நின்றது. புது விளக்கு கரண்ட் கம்மியாக இழுப்பதால், பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று வண்டியே முடிவு கட்டிவிட்டிருந்தது. ஒரு ரெசிஸ்டரை நடுவில் வைத்து அதை ஏமாற்றினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. உள்ளே கம்மியாகிக்கொண்டு வருவதை வெளியே தெரியாமல் மறைக்கிற வேலை தனக்குப் புதிதல்ல என்று தோன்றியது. கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பொழுது சாய்ந்ததும் சிவசங்கர் வந்தான். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம் லைட்டைப் போட்டார்கள். பாய் பார்த்தார். சுவரில் மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான்.

"இது பத்தாது தம்பி."

"பத்தாதா? எனக்கு நல்லாத்தான் தெரியுது பாய்."

"டிராக்டர் லைட்டு இதவிட ஜாஸ்தி அடிக்கும். இத வச்சிக்கினு கல்வராயன் மலை ஏறுவியா? இன்னும் பெருசா ஒண்ணு வரவழை."

சிவசங்கர் சுவரைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். அவன் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு டிராக்டருக்கு லைட் மாட்டின கை அது. "நீங்க சொன்னா சரிதான் பாய்" என்று அங்கேயே போனில் ஆர்டர் போட்டான். அவன் போன பிறகு பாய் வெகுநேரம் அந்த விளக்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குதான் மங்கல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பாதி நம்பினார்.

பெரிய விளக்கு வந்து, மாட்டி, வண்டி தயாரான அன்று யூனியன் ஆபீஸ் முன்னால் போராட்டம். கச்சிராயபாளையம் ரோட்டில் வண்டிகள் நின்றுவிட்டன. சிவசங்கர் போன் பண்ணினான். "வழியில மாட்டிக்கினேன் பாய். லேட்டாகும். நீங்களே லைட்டைச் செட் பண்ணி வச்சிடுங்க, வந்து எடுத்துக்கினு போறேன்."

ஆள் உட்காராமல் லைட் செட் பண்ணக் கூடாது. ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், வெளிச்சம் மேலே போகும். அதற்கும் பாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடோனில் சொல்லி ஒரு நெல் மூட்டை வாங்கி சீட்டில் வைத்துக் கட்டிவிடுவார். எழுபத்தைந்து கிலோ, ஓட்டுகிற ஆளுக்குச் சரி. அன்றும் குடோன்காரர்கள் மூட்டையை வைத்துக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பாய் லைட்டைப் போட்டார்.

நடுவில் கொதிக்கிற வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதன் மேல் விளிம்பு எங்கே முடிகிறது, கோடு எங்கே இருக்கிறது, இரண்டும் தெரியவில்லை. சுவருக்கு நடந்துபோய் விரலால் தடவினார். கரி விரலில் ஒட்டியது. அந்த இடத்துச் சுவர் விரிசலில் ஒரு வெள்ளைத் துணியைச் செருகிவிட்டுத் திரும்பி வந்து, திட்டின் உச்சி துணிக்கு நேராக வரும்வரை ஸ்குருவைத் திருகினார். அந்தத் திட்டுக்கு மேலேயும் வெளிச்சம் சுவரில் ஏறிக் கிடந்தது. மற்ற யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்கும்.

சிவசங்கர் வந்து வண்டியை எடுத்து டீக்கடைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தான். "பகல் மாதிரி இருக்குது பாய்!" என்றான். பாய்க்கு அது பகல் மாதிரி இல்லை. ஆனாலும் தலையாட்டினார்.

நாலாம் நாள் காலையில் கண்ணாயிரம் மினி பஸ்ஸைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே கல்வராயன் மலையில் பதினைந்து வருஷமாக ஏறி இறங்கும் டிரைவர். பாய்க்குப் பழைய சிநேகிதன். பஸ்ஸின் இடதுபக்க ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. கண்ணாடியில் குறுக்கே கீறல்.

"இன்னா ஆச்சு கண்ணாயிரம்?"

"கடைசி வளைவுல எறங்கிக்கினு இருக்கேன் பாய். பொழுது அப்பத்தான் போவுது. கீழேர்ந்து ஒருத்தன் பைக்ல வர்றான். லைட்டா அது? மூஞ்சில வெந்நி ஊத்துன மாதிரி. ஒண்ணும் தெரியல. ஒடிச்சேன், சைடு சுவத்துல போய்த் தேச்சிடுச்சு. அந்தாண்ட பள்ளம். பதினோரு பேரு உள்ள. ஒரு பொம்பளைக்கு ஒதடு கிழிஞ்சி போச்சி. கடுக்காய் மூட்டை கொட்டி, பஸ்ஸு பூரா கடுக்காய்."

பாய் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார். "யாருன்னு தெரிஞ்சிச்சா?"

"தெரியாம? செவப்பு வண்டி. சுப்புராயன் புள்ள. பின்னாடி ஒருத்தன வேற ஏத்திக்கினு. டிம் பண்ணுடான்னு நாலு வாட்டி அடிச்சிக் காட்டுனேன், பண்ணல. வேணும்னே பண்றான் பாய். என் பஸ்ல கொடி இருந்திச்சில்ல, அதப் பாத்துட்டுத்தான்."

கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினான். "நம்ம பசங்க கொதிச்சிக்கினு இருக்கானுங்க. ஞாயித்துக்கிழமை அவன் வூட்டாண்ட போயி நாலு வார்த்த கேக்கறோம். நாலு பேரோட இல்ல, நாப்பது பேரோட."

நாற்பது பேர் ஒரு வீட்டு வாசலுக்குப் போய் நாலு வார்த்தையோடு திரும்பி வந்ததாக பாய் கேள்விப்பட்டதில்லை. அதுவும் அந்த மாதத்தில். இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. நடுவில் ஒரு விளக்கு. விளக்கைத் திருகினது அவர் கை.

பேசாமல் இருந்துவிடலாம். அந்த விளக்கை மாட்டியது யார் என்று கண்ணாயிரம் கேட்கவேயில்லை. இருட்டுவதற்குள் சிவசங்கரைக் கூப்பிட்டு, சும்மா பார்க்கிறேன் என்று நாலு திருகு இறக்கிவிட்டால் போதும், கண்ணும் கடையும் இருக்கிறபடி இருக்கும். மதியம் வரைக்கும் பாய் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட வீட்டுக்குப் போனவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.

"சோறு ஆறுது" என்றாள் பாயிஸா.

"எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியல பாயிஸா."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும். கம்பத்துக்கு நீங்க ஸலாம் சொன்னது அன்னிக்கு மட்டுமா? மூணு மாசமா சொல்லிக்கினு இருக்கீங்க. நானும் மஹ்ஜபீனும் பாத்துக்கினுதான் இருக்கோம்."

பாய் சோற்றைப் பிசைந்தார். சண்டை போடக்கூட தெம்பில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருக்கும் போன் பண்ணினார். ஒருத்தன் வருவது இன்னொருத்தனுக்குத் தெரியாது.

ஐந்தரை மணிக்கு சிவசங்கர் வண்டியோடு வந்தான். பின்னாலேயே கண்ணாயிரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா பாய், பஞ்சாயத்தா?" என்றான் கண்ணாயிரம்.

"நான் டிம்லதான் வந்தேன்" என்றான் சிவசங்கர், யாரும் கேட்பதற்கு முன்பே. "பிரைட் போடவே இல்ல. சத்தியமா. அவரு லைட்ட அடிச்சிக் காட்டுனாரு, அதுக்கு மேல எறக்க ஒண்ணும் இல்ல."

"டிம்மா அது? சூரியனப் புடிச்சி வண்டியில கட்டிக்கினு வந்துட்டு, டிம்மாம்!"

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றார் பாய். "தம்பி, வண்டியச் சுவத்துக்கு எதிர நிறுத்து. ஏறி உக்காரு. கண்ணாயிரம், நீ பின்னாடி உக்காரு."

"நான் எதுக்கு இவன் பின்னாடி?"

"அன்னிக்கு ரெண்டு பேரு இருந்தாங்கன்னு நீதான சொன்ன? உக்காருப்பா. எனக்கு நெல் மூட்டை தூக்கக் கையில்ல."

இத்தாலிக்காரன் பின்சீட்டைப் பேருக்குத்தான் வைத்திருந்தான். கண்ணாயிரம் பருத்த ஆள். காக்கிச் சட்டையும் தொந்தியுமாக, முட்டி இரண்டும் சிவசங்கரின் இடுப்பை இடிக்க, பிடித்துக்கொள்ள வேறு இடமில்லாமல் அவன் தோளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கூட வந்த இருவரில் ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இருட்டும் வரைக்கும் அப்படியே காத்திருந்தார்கள். சிவசங்கர் டிம் லைட்டைப் போட்டான்.

"கண்ணாயிரம், வெளிச்சம் எங்க இருக்குது?"

"உனக்குத் தெரியலையா? கோட்டுக்கு ஒரு முழம் மேல அடிக்குது. ஜன்னல் வரைக்கும் போவுது. இன்னா வேலை பாய் இது, எவன் செட் பண்ணான்?"

"நான்தான்."

கண்ணாயிரம் சிவசங்கர் தோளைத் தாண்டிக் குனிந்து பாயைப் பார்த்தான்.

"எனக்கு அந்தக் கோடு தெரியலப்பா" என்றார் பாய். "இப்பவும் தெரியல. பொழுது சாஞ்சா எதுவும் தெரியல. சர்க்கரை. மொதல்ல வாங்குன லைட்டே போதும்னு தம்பி சொன்னான். எனக்குத்தான் பத்தல. பெரிசு வாங்க வச்சேன், அதயும் மேல தூக்கி வச்சிட்டேன். அவன் மேல ஒண்ணும் இல்ல. உங்க நாப்பது பேரும் எங்கயாச்சும் போகணும்னா என் வூட்டுக்கு வாங்க. பாயிஸா டீ போட்டுத் தரும்."

கண்ணாயிரம் வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தான். கூட வந்தவர்களில் ஒருத்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சும்மா இருடா" என்றான் கண்ணாயிரம். பிறகு, "ஸ்குரு டிரைவர எடு பாய். நான் சொல்றேன், நீ திருகு."

பாய் முகப்புக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்தார். ஸ்குருவை விரலே கண்டுபிடித்தது.

"எறக்கு. இன்னும். இன்னும் எறக்கு. சாண் அளவு இருக்குது. அவ்ளோ வேணாம், கொஞ்சம் ஏத்து. ம். நிறுத்து. கோட்டுல உக்காந்துடுச்சி."

"சரியா பாத்தியா?"

"சரியாத்தான் இருக்கு பாய்" என்றான் சிவசங்கர்.

ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்துக்கு யாரும் போகவில்லை. உதடு கிழிந்த அம்மாவை மட்டும் சிவசங்கரே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தை பிறந்ததும் பாயிஸா பாயைப் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேசர் வைத்தார்கள். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார்கள்.

செய்தி ஊருக்கு அதற்கு முன்பே போய்விட்டது. சாயங்காலத்து வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாகத் திறந்திருந்த கடையில் கூட்டம் நின்றது. பாய் காலையில் கடை திறந்து, நாலரைக்கு மூடினார். ஹாரன், செல்ஃப் மோட்டார், சார்ஜிங் வயர். கையே அறிந்து செய்கிற வேலைகள்.

மாசி மாதம் ஒரு காலையில் கண்ணாயிரம் மினி பஸ்ஸோடு வந்தான். "ஹாரன் கம்மியா அடிக்குது பாய், பாரு" என்றான். பாய் முன்பக்கம் போய்க் குனிந்தார். நொறுங்கின இடத்தில் புது ஹெட்லைட் மாட்டியிருந்தது. அவர் மாட்டினது இல்லை. மார்கழியில் லைட் நொறுங்கி வந்த அன்றும் கண்ணாயிரம் புது லைட் மாட்டாமலேதான் பஸ்ஸை எடுத்துப் போயிருந்தான்.

கண்ணாயிரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவசரம் பாய். அன்னிக்கு நீ ஆஸ்பத்திரி போயிருந்த."

"ஆமா ஆமா" என்றார் பாய்.

ஹாரனைச் சரி செய்தார். அடித்துப் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர், ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினார். ஜாயிண்ட் இரண்டை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மழை பட்டால் ஒரு மாதம் தாங்காது. பாய் டேப்பைப் பிரித்து, வயரைச் சீவி, சால்டர் வைத்து, புது டேப் இறுக்கிச் சுற்றினார். கண்ணாயிரம் அதையும் பார்க்காத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.